பத்தாவது ஆளைத் தேடிப்போகிறவர்களுக்கு

அன்புள்ள பெனே இஸ்ரேல் யூத இளையோருக்கு,

தானேயிலும் பைகுலாவிலும் பன்வேலிலும் அலிபாக் பக்கத்துக் கொங்கணக் கிராமங்களிலும் இருக்கிற உங்களுக்கு, உங்கள் பக்கத்து வீட்டுத் தமிழச்சி எழுதுகிறேன். மனசிலிருப்பதைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கும். இதை மராத்தியில் மாற்றி உங்கள் கையில் சேர்ப்பதாக உங்களில் ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதம் எழுத நேர்ந்ததும் அவளால்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு அவள் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். இளம் யூதர்களுக்கான ஓராண்டு ஃபெலோஷிப். படிப்பு, பயணம், தங்குமிடம், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் உண்டு. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான் என்பதால், பிழை திருத்தக் கொண்டுவந்திருந்தாள். பெயர், வயது, படிப்பு எல்லாம் திருத்தமாக எழுதியிருந்தாள். நீங்கள் தலைமையேற்று நடத்திய ஒரு காரியத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்த கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். “நான் எங்கே டீச்சர் தலைமையேற்றேன்? எந்தக் கமிட்டியிலும் இல்லையே” என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்தப் பெண்ணை அவளுடைய பன்னிரண்டாம் வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவள் தாத்தாவின் முதல் நினைவுநாளன்று விடிகாலையில் எங்கள் மாடிப்படியில் நின்று அவள் போன் மேல் போன் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்ல மின்யான் வேண்டும், அதாவது பத்து ஆண்கள் கூட வேண்டும். ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். எட்டாமவரைக் கொட்டும் மழையில் ஸ்கூட்டரில் போய் ஏற்றி வந்தாள். ஒன்பதாமவர் இரவு ஷிப்ட் முடித்து ரயிலிறங்கி வருவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பத்தாவது ஆளுக்கு முழங்கால் வலி. அவரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி ஆட்டோவில் உட்கார வைத்தாள். அந்தப் பத்தில் அவளுக்கு இடம் கிடையாது, அந்த ஜெபாலயத்தில் பெண்களை எண்ணுவதில்லை. தன்னை எண்ணாத ஒரு கூட்டத்தைத் தன் தாத்தாவுக்காகத் திரட்டிவிட்டு, ஈரத் துணியோடு ஓரமாக நின்றாள். அன்றிலிருந்து யார் வீட்டில் மின்யான் குறைந்தாலும் அவளுக்குத்தான் போன் வருகிறது. யார் ஊரில் இருக்கிறார்கள், யாருக்கு எந்த ஷிப்ட், யாரோடு யார் பேசுவதில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இதற்குத் தலைமை என்று பெயரில்லாவிட்டால் வேறு எதற்கு? இதை அப்படியே எழுது என்றேன். நம்பாமல்தான் எழுதினாள். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அன்றிரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களில் எத்தனை பேர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பீர்கள்? எத்தனை பேர் படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இது வெளிநாட்டு யூதர்களுக்கு என்று மூடிவைத்திருப்பீர்கள்? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அயலாளுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். உங்கள் வீடுகளில் நேர்த்திக்கடன் நிறைவேறி எலியா தீர்க்கதரிசியின் பெயரால் மலிதா வைக்கும்போதெல்லாம் எனக்கொரு தட்டு வந்திருக்கிறது. ஊறவைத்த அவலில் இனிப்பும் தேங்காய்த் துருவலும் பழத்துண்டுகளும் கலந்த அந்தத் தட்டைச் சாப்பிட்டவள் என்ற உரிமைதான் எனக்கு இருப்பது. அதோடு ஒரு காயமும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என் ஆதங்கம். அமெரிக்காவைச் சேர்ந்த ஜேடிசி என்ற யூத உதவி அமைப்பு 1914இல் தொடங்கியது. அதன் என்ட்வைன் என்ற இளைஞர் பிரிவு வெளிநாட்டு யூத இளைஞர்களை ஃபெலோஷிப் கொடுத்து ஓராண்டு மும்பைக்கு அனுப்பி வந்திருக்கிறது. 2012இல் தொடங்கிய கேப்ரியல் ப்ராஜெக்ட் மும்பை, கல்வா குடிசைப் பகுதிப் பிள்ளைகளோடு வேலை செய்ய யூதத் தன்னார்வலர்களை அழைத்து வந்தது. நல்ல பிள்ளைகள். பலரை நான் பார்த்திருக்கிறேன், என் வீட்டில் ரசஞ்சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறுவது என்று காட்டியது யார்? மராத்தியில் பேசி வழியைத் திறந்துவிட்டது யார்? உங்கள் ஆஜியின், அதாவது பாட்டியின், கதையை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னது யார்? நீங்கள்தான். வருஷம் முடிந்ததும் அவர்கள் இந்தியாவில் ஒரு சமூகத்தோடு வேலைசெய்த அனுபவத்தை எழுதிக்கொண்டு அடுத்த படிக்குப் போனார்கள். அதே வருஷம் அதே வேலையை அவர்கள் பக்கத்தில் நின்று செய்த நீங்கள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. குற்றம் அவர்கள் மேல் இல்லை. விருந்தோம்பல் என்று நீங்கள் நினைத்துச் செய்ததெல்லாம் தலைமைதான் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளை வளர்த்த ஆசிரியை நான், அதனால் எனக்கு வலிக்கிறது.

இந்த ஃபெலோஷிப்புகள் எங்கோ தூரதேசத்துச் சங்கதி என்று நினைக்கிறீர்கள். உங்கள் சமூகத்தின் கதையையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஜெருஷா ஜிராட் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கேட்டவர்களுக்கும் ஏதோ பழைய டாக்டரம்மா என்ற அளவில்தான் தெரிந்திருக்கிறது. அவர் உங்கள் பெனே இஸ்ரேல் பெண். சின்ன வயதில் தன் அக்கா பம்பாய்க் காமா மருத்துவமனையில் பிழைத்தெழுந்ததைப் பார்த்து, தானும் டாக்டராவேன் என்று முடிவுசெய்தவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு மேற்படிப்புக்கு லண்டன் போக நினைத்தபோது வீட்டில் பணமில்லை. டாடா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். பிறகு இந்திய அரசின் உதவித்தொகையும் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். முதல் உலகப் போர்க் காலத்து லண்டனில் தனியாக இருந்து மகப்பேறு மருத்துவம் படித்தார்.

இதுவரை சொன்னது ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் கதை. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதற்குப் பிந்தையது. அவர் திரும்பி வந்தார். எந்த மருத்துவமனையில் அக்கா பிழைத்தாளோ அதே காமா மருத்துவமனைக்கு 1928 முதல் 1947 வரை தலைவராக இருந்தார். 1966இல் பத்மஸ்ரீ. லண்டனிலிருந்து அவர் மருத்துவம் மட்டும் கொண்டுவரவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து அமர்ந்து தொழும் தாராளப் போக்குள்ள யூதச் சபைகளை அங்கே கண்டிருந்தார். 1925இல் பம்பாயில் யூத சமய ஒன்றியம் தொடங்க அவரே முன்னின்றார். என் பக்கத்து வீட்டுப் பெண் மின்யானுக்காக நின்றாளே ஓரமாக, அந்த ஓரத்தைப் பற்றி நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்த பெண் உங்களுக்கு இருந்திருக்கிறார். அந்த யோசனையை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் பாடு, உங்கள் சமயத்தில் நான் தலையிட மாட்டேன். அவர் எழுதிக்கொடுத்த விண்ணப்பம் என்னவெல்லாம் சம்பாதித்துக்கொடுத்தது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். டாடா அறக்கட்டளை 1892இல் தொடங்கியது, இன்றும் மேற்படிப்புக்குக் கடன் உதவி கொடுக்கிறது. ஃபெலோஷிப்பின் பெயரில் ‘யூத’ என்ற சொல் இருந்தால்தான் அது உங்களுக்கு என்றில்லை.

இன்னொருவர் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர். 1875இல் உங்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியவர்களில் முதன்மையானவர். அது பின்னாளில் சர் எல்லி கதூரி பள்ளி என்று பெயர் மாறி மஜ்காவில் இன்றும் நடக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்போது முஸ்லிம்கள். அந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும். கெஹிம்கர் பெனே இஸ்ரேலின் வரலாற்றை 1897இல் எழுதி முடித்தார். அது அச்சேறியது 1937இல், டெல் அவிவில். அவர் காலமாகி வெகுநாளான பிறகு. எழுத ஒருவர் இருந்தார், அச்சேறத்தான் நாற்பது வருஷம் ஆயிற்று. இன்றைக்கு உங்கள் ஆஜிகள் பாடுகிற மராத்தி கீர்த்தன்களுக்கும் அதே நிலைமைதான். ஆபிரகாமின் கதையையும் யோசேப்பின் கதையையும் உங்கள் முன்னோர் 1880களில் மராத்தி கீர்த்தனாகக் கட்டிப் பாடத் தொடங்கினார்கள். தஞ்சாவூருக்கு வந்த அதே மராத்தி கீர்த்தன் மரபிலிருந்துதான் எங்கள் ஹரிகதையும் வளர்ந்தது, அதனால் அது எனக்கும் பிடித்தது. அந்தப் பாட்டுகளைச் சேகரித்துப் பதிவுசெய்வதுதான் என் வேலைத்திட்டம் என்று எழுதிக்கொடுத்தால் பணம் தர ஆளிருக்கிறது. எழுதிக்கொடுக்கத்தான் உங்களில் ஆளில்லை.

ஃபெலோஷிப்பில் அப்படி என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பணம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, உங்கள் வயதில் உங்களைப் போலவே ஒரு சிறு கூட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களைச் சந்திப்பது. ஸ்டாக்ஹோமில் பைடேயா என்ற நிறுவனம் யூதப் பண்பாட்டை ஓராண்டு படிக்க வைக்கிறது. போருக்குப் பின் யூதர்கள் அருகிப்போன ஐரோப்பிய ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே சேர்கிறார்கள், பத்துப் பேரைச் சேர்ப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெவ்ரூதா முறையில் இருவர் இருவராக உட்கார்ந்து வாதாடிப் படிப்பார்கள். பகை வளர்க்காமல் வாதாடத் தெரிந்த நாலு பேர் இருந்தால் உங்கள் ஜெபாலயக் கூட்டங்கள் எவ்வளவு மாறும்! 2006இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் தொடங்கிய மொய்ஷே ஹவுஸ் இன்னும் எளிமையான யோசனை. சில நண்பர்கள் ஒரே வீட்டில் குடியிருப்பார்கள், வாடகையில் ஒரு பங்கை அமைப்பு கொடுக்கும், பதிலுக்கு அவர்கள் அந்த வீட்டைத் தங்கள் வயது யூதர்களுக்குத் திறந்துவைத்து, விருந்தும் படிப்பும் பண்டிகையும் நடத்த வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிவிட்டுப் பத்துப் பேருக்குச் சோறு போடும் உங்கள் அம்மாக்கள் கூலியில்லாமல் செய்துவரும் வேலைதானே இது.

இளவயதில் கூட்டம் சேர்த்த அனுபவம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 1924இல் உலக யூத மாணவர் ஒன்றியம் ஏன் தொடங்கியது தெரியுமா? ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களுக்கு இடக் கட்டுப்பாடு போட்டு விரட்டிய காலம் அது. அந்த மாணவர்களை ஒன்றுசேர்த்து முன்னின்றவர் ஹெர்ஷ் லௌடர்பாக்ட் என்ற இளம் சட்ட மாணவர். ஐன்ஸ்டீன் பெயரைக் கொடுத்துத் துணைநின்றார். பின்னாளில், மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற கருத்தை நியூரம்பர்க் விசாரணையில் இடம்பெறச் செய்த சட்ட அறிஞர்களில் ஒருவரானார் லௌடர்பாக்ட். மாணவர் சங்கத்தில் விடுதியும் சாப்பாடும் கல்லூரி இடமும் தேடித் திரிந்த அனுபவம் அவருக்கு வீண்போகவில்லை.

உங்கள் தயக்கங்களையும் நான் கேட்டிருக்கிறேன். ஆங்கிலம் சரியாக வராது என்கிறீர்கள். அதை என்னிடம் விடுங்கள். வேலைக்கு லீவு கிடைக்காது என்பதும் உண்மைதான், ஓராண்டுக்குப் போக முடியாதவர்களுக்குச் சில வாரப் பயிற்சிகளும் இருக்கின்றன. அம்மாக்களின் பயம் வேறு. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் யூத மையமான நரிமன் ஹவுஸும் ஜெருஷா ஜிராட் ஆண்ட காமா மருத்துவமனையும் ஒரே இரவில் தாக்கப்பட்டன. அன்றிலிருந்து யூதர் என்று வெளியே தெரிவதையே அஞ்சுகிற வீடுகள் உண்டு. அந்தப் பயத்தை லேசாகப் பேச எனக்கு வாய் வராது. போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்ற பயமும் உண்டு. ஒரு காலத்தில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த உங்கள் சமூகம் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து பெயர்ந்துதான் இன்று சில ஆயிரமாகச் சுருங்கியிருக்கிறது. போவதா இருப்பதா என்பது உங்கள் வீட்டு முடிவு. போன இடத்திலும் உங்கள் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. நீங்கள் முழு யூதர்தானா என்று திருமண விஷயத்தில் ரபிகள் சந்தேகம் எழுப்பியபோது, சாமானியக் குடும்பங்கள் ஜெருசலேமில் குழந்தைகுட்டிகளோடு தெருவில் உட்கார்ந்து போராடி, 1964இல் அந்தச் சந்தேகத்தை வாபஸ் வாங்க வைத்தார்கள். எங்கே இருந்தாலும் கூட்டத்தைத் திரட்டத் தெரிந்தவர்கள் உங்களுக்குத் தேவைப்படுகிறார்கள்.

கூட ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சியைப் பாருங்கள். 1568இல் கட்டிய மட்டாஞ்சேரி ஜெபாலயத்தில் விளக்குகள் தொங்குகின்றன, தரையில் சீன ஓடுகள் மின்னுகின்றன, டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். தொழுகைக்குப் பத்துப் பேர் சேர வெளியூர் யூதர்கள்தான் வரவேண்டியிருக்கிறது. அதே ஜெபாலயத்தில் ஒரு காலத்தில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லிச் சிலரை உள்ளே உட்காரவிடாமல் வாசல் பக்கத் தரையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆபிரகாம் பாராக் சேலம் எங்கள் சென்னைக்கு வந்து சட்டம் படித்தார், ஊர் திரும்பினார், ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் இருந்து அந்தப் பாகுபாட்டை அசைத்தார். கூட்டம் நிறைந்திருந்த நாளில் அந்தக் கதவுகளை எல்லாருக்கும் திறந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இப்போது என் காயம். மும்பைத் தமிழர்களாகிய எங்களுக்கு இங்கே ஒரு சின்னச் சங்கம் இருந்தது. அதற்கு ஒரு நூலகம், ஐந்து மர அலமாரி. சாவி பெரியவர் ஒருவரிடம் இருந்தது. நல்லவர், ஊருக்கு உழைத்தவர். இளைஞர்கள் அதைக் கேட்டால், இப்போதுதானே வந்திருக்கிறீர்கள், பார்க்கலாம் என்பார். நாங்களும் அவர் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் இருந்தோம். அவர் காலமான பிறகு அலமாரியைத் திறந்தோம். புத்தகங்கள் நின்றபடியே நின்றன, தொட்டதும் உதிர்ந்தன, உள்ளே முழுக்கக் கறையான். அதற்குள் கேட்ட இளைஞர்களும் புனே, பெங்களூர் என்று போய்விட்டிருந்தார்கள். அந்தச் சாவியை ஒரு தடவை கேட்டுவிட்டு அடங்கிப்போனவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு உரிமையெடுத்துப் பேசுகிறேன்.

உங்கள் நிலைமை இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. தானேயின் ஷார் ஹஷமாயிம், விண்ணக வாசல், 1879இல் கட்டியது. இந்தியாவில் இன்று யூதர் அதிகம் கூடும் ஜெபாலயம் அதுதான். உங்களுக்கு இன்னும் ஆளிருக்கிறது, ஆஜிகள் இருக்கிறார்கள், பாட்டு இருக்கிறது. 2016இல் மகாராஷ்டிர அரசு உங்களைச் சிறுபான்மையினராக அங்கீகரித்தது. அந்த அங்கீகாரத்தை வைத்து என்னென்ன கேட்டுப் பெறலாம் என்று படித்துப் பார்த்து மனுப்போடவும் இளையவர்கள்தான் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இருபது வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை உள்ள ஒவ்வொருவரும் இந்த வருஷம் ஒரு விண்ணப்பமாவது எழுதுங்கள். தனியாக எழுத வேண்டாம், ஹெவ்ரூதா போல இருவர் இருவராக உட்கார்ந்து எழுதுங்கள். நீங்கள் செய்ததை நீங்களே மறந்திருப்பீர்கள், பக்கத்திலிருப்பவர் எடுத்துச் சொல்வார். கிடைத்துப் போய்விட்டுத் திரும்பினால், அங்கே கற்றதில் ஒன்றை உங்கள் ஜெபாலயத்தில் ஒரு வருஷம் செய்து காட்டுங்கள். கீர்த்தன் பதிவோ, பிள்ளைகளுக்கு எபிரேய வகுப்போ, கணக்குப் புத்தகத்தை ஒழுங்குபடுத்துவதோ, எதுவானாலும். போகாதவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் கமிட்டியில் முப்பது வயதுக்குட்பட்டவருக்கு ஒரு இடம் வேண்டும் என்று பெரியவர்களிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள். ஒரு தடவை கேட்டு அடங்கிவிடாதீர்கள். அந்த இடம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தால் எனக்கு மிகச் சந்தோஷம்.

உங்கள் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் இல்லாவிட்டால் இவர்களுக்குக் காக்க ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அதற்காகவே கேட்கிறேன், உங்கள் கை நடுங்காமலிருக்கும்போதே சாவியைக் கைமாற்றிக் கொடுங்கள், எந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.

எனக்கு ஓய்வூதியமும் ஓய்வும் இருக்கிறது. சனிக்கிழமை இரவு, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து உங்கள் சபாத் ஓய்வுநாள் முடிந்த பிறகு, என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். படிவத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்து வாருங்கள். அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் முதலில் வாருங்கள். பிழை திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நீங்கள் யார் யாரை எங்கிருந்தெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று என்னிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வீட்டு டீச்சர்,
தானே